சண்டிலிப்பாய்த் தபால் முத்திரை

ஐம்பத்து நான்கு வயதில், கொளுத்தும் வெயிலில், தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியை நாடிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கோப்பாயிலிருந்து சண்டிலிப்பாய்க்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒரு கடிதத்தையும் அதன் பிரதியையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான். தட்டச்சு செய்த கடிதத்தில் என் பெயர் இல்லை. உறைகளில் விலாசத்தை இடக்கையால் எழுதியிருந்தேன். யாராவது கண்டு, இங்கே உனக்கு என்ன அலுவல் என்று கேட்டால் சொல்வதற்காக வீதியோரத்தில் ஒரு கிலோ கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் கத்தரிக்காய் தெரிவுசெய்தவனைக் கடைக்காரி மட்டும் சற்றுநேரம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, சண்டிலிப்பாயில் வாங்கினது என்று நானே சொன்னதும் கேட்டது மனைவிதான்.

"கோப்பாயிலை கத்தரிக்காய் முடிஞ்சுதோ?"

"அந்தப் பக்கம் ஒரு அலுவல்."

"என்ன அலுவல்?"

"கத்தரிக்காய்தான்."

அவள் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, "முத்தல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கத்தரிக்காய் வாங்கியிருந்தேன். அந்த ஒரு கேள்விக்கே அது தாங்கவில்லை.

கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். என் மாமா, அம்மாவின் தம்பி, நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குடாநாட்டில் பாதி வேலிச் சண்டைகளுக்கு அவருடைய சங்கிலிதான் சாட்சி. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போய் நாலு சொற்கள் மிஞ்சின: ஓம், தண்ணி, போ, சரியில்லை. பிள்ளைகள் கனடாவில். அவர்கள் நாலு பேரிடம் விசாரித்து, வலிகாமத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பெயர் போடாமல் எழுதிப் பழகியவன். சுத்தமான கட்டடம், முன்னால் செவ்வரத்தைப் பூமரம், வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார், உள்ளே இருபத்திரண்டு கட்டில். உள்ளூரில் இருக்கிற ஒரே உறவு நான் என்பதால் கிழமைக்கு இரண்டு தடவை போய்ப் பார்க்கிற பொறுப்பு எனக்கு வந்தது.

ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வருவார்கள். அன்றைக்கு மாமாவுக்கு வெள்ளைச் சேட்டு, முகத்தில் பவுடர், நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி. நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அப்பா, எப்பிடி இருக்கிறியள்?"

"சரியில்லை" என்பார் மாமா.

பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் தேத்தண்ணிக்கும் அதைத்தான் சொன்னார், மழைக்கும் அதைத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். தொலைபேசி ஒருநாளும் அவருடைய மார்புக்குக் கீழே இறங்கியதில்லை.

வழக்கமாகப் பின்னேரத்தில் போகிறவன், ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் காலை ஒன்பதரைக்குப் போனேன். மாமா நித்திரை. சும்மா நிற்கும்போது கண்ணில் படுகிற எதையும் வாசிப்பது என் வியாதி. மருந்துப் போத்தலின் ஒட்டுத்தாளையும் விடமாட்டேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கியது. எழும்ப முடியாமல் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம், நேர், வலம் என்று மாற்றிப் படுக்கவைத்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அன்றைய திகதிக்குக் கீழே காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை நேரங்கள் அடிக்கப்பட்டிருந்தன. எல்லா நேரத்துக்கும் எதிரே கையெழுத்து இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதரைதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்த உதவியாளரைக் கூப்பிட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை அண்ணை என்பார். நான் தங்கச்சி என்பேன். அதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த 'ஒன்றும் தெரியாது'தான் காரணம்.

"தங்கச்சி, பின்னேரம் ஆறு மணிக்கு மாமாவை வலப்பக்கம் திருப்பியாச்செண்டு கிடக்கு."

அவர் தாளைப் பார்க்கவில்லை. கஞ்சிக் கோப்பையையே பார்த்தார். "திகதியை மாறிப் போட்டிட்டன் போலை."

"திகதி சரி. நேரம்தான் முந்தீட்டுது."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கஞ்சியைப் பருக்கி முடித்து, கிழவரின் வாயைத் துடைத்து, மண்டபத்தின் மறுமுனையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"காலமை வந்த உடனை நாள் முழுக்கப் போட்டிடுவம், அண்ணை. மிஸி அப்பிடித்தான் போடச் சொன்னவ." மிஸி என்றது, இல்லத்தைப் பொறுப்பாக நடத்துகிற ஓய்வுபெற்ற தாதி. "பிறகு எங்களுக்கு எங்கை நேரம்? பகலிலை நாங்கள் இரண்டு பேர். இருபத்திரண்டு கட்டில். ஒராளைத் திருப்ப இரண்டு பேரும் வேணும்."

"அப்ப மாமாவைக் கடைசியா எப்ப திருப்பினது?"

அவர் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை மாமாவின் தோளைப் பிடிக்கச் சொல்லி, தான் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து, ஒரு பக்கமாகச் சரித்தார். சாரத்தை விலக்கினார். முள்ளந்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் சிவந்து, நடுப்பகுதி கறுத்து ஆழமாக இருந்தது. வாசம் வந்தது. அது புது வாசம் அல்ல. இரண்டு மாதமாக அந்தக் கட்டிலடியில் நான் முகர்ந்து, பினாயில் என்று நினைத்துக்கொண்டிருந்த வாசம்.

மாமா கண்ணைத் திறந்தார். "சரியில்லை" என்றார்.

"நான் காட்டினதெண்டு சொல்லிப்போடாதேங்கோ, அண்ணை" என்றார் அவர், சாரத்தைச் சரிசெய்தபடி. "மனுசன் விட்டிட்டுப் போய் ஆறு வருசம். இரண்டு பொம்பிளைப் பிள்ளையள் படிக்குதுகள். இந்த வேலை போனால் எனக்கு வேறை ஒண்டும் இல்லை."

"சொல்லமாட்டன்" என்றேன். வாயில் வந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மிஸியிடம் போய், வெயிலைப் பற்றித் தொடங்கி, முதுமையைப் பற்றிக் கதைத்து, மெல்லப் புண்ணுக்கு வந்தேன். அவர் கோபப்படவில்லை.

"படுத்த படுக்கையாக் கிடக்கிறவைக்கு உது வாறதுதான். மருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறம். உங்களுக்கு மனம் கேக்கேல்லை எண்டால் வீட்டை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோவன்."

அன்றைக்கே கனடாவுக்கு எடுத்தேன். மாமாவின் மகன், என் மச்சான், முழுவதையும் கேட்டான்.

"நல்ல இடமெண்டு எல்லாரும் சொல்லித்தானே விட்டது, மச்சான். நீ போய்க் குழப்பினாய் எண்டால் அப்பாவை எங்கை கொண்டுபோறது? நீ வைச்சுப் பாப்பியோ?"

ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் நாங்கள், ஒன்றில் மகள் வந்தால் படுப்பாள், மற்றதில் புத்தகங்கள். புத்தகங்களுக்குப் படுக்கைப் புண் வருவதில்லை.

மிச்சம் இருந்தது நிர்வாகசபைத் தலைவர். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். அவரிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னுடைய மூன்று புத்தக வெளியீட்டிலும் நயப்புரை ஆற்றியவர் அவர். அத்தோடு கெட்ட மனிதரும் அல்ல. ஊரூராக, நாடுநாடாகக் கடிதம் எழுதி, பத்து வருடம் அலைந்து அந்தக் கட்டடத்தை எழுப்பியவர். கெட்ட மனிதர் என்றால் ஒருவேளை எனக்கு நாக்கு எழும்பியிருக்கும். உங்கள் இல்லத்தில் மனிதர் அழுகிக் கிடக்கிறார் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே பெட்டிசம் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் பெயர் போட்டு எழுதினால் அது சண்டை. பெயர் போடாமல் எழுதினால் அது பொதுசன அபிப்பிராயம். அதற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. மேலதிகாரிக்கு ஒன்று போகவேண்டும், குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஒரு பிரதி போகவேண்டும். அடியில் 'நலன்விரும்பி' என்று இருக்கவேண்டும். சொந்த ஊரில் தபாலில் போடக்கூடாது. இந்தக் கடைசி விதியை எங்களுக்கு யாரும் படிப்பித்ததில்லை. ஆனால் மீறியவரை நான் கண்டதில்லை.

நாலு நாள் காலையில் இருந்து எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: மூன்றாவது நாள் மாமாவின் புண்ணை மறந்துபோனேன். வசனம்தான் நினைவில் நின்றது. 'வாசலில் இருக்கும் பிள்ளையாருக்கு நாளுக்கு இரண்டு தடவை பூ மாற்றப்படுகிறது. உள்ளே இருக்கும் மனிதர் ஒரு தடவைகூட மாற்றிப் படுக்கவைக்கப்படுவதில்லை' என்று ஒன்று விழுந்தது. எழும்பி நின்று வாசித்துப் பார்த்தேன். அதற்கு அடுத்தாற்போல ஆட்கள் போதாது என்று ஒரு வரி இருந்தது, இருபத்திரண்டு பேருக்கு இரண்டு பேர் என்று. கந்தோர் அறிக்கை மாதிரி இருந்தது. பிள்ளையார் வசனத்தின் ஓட்டத்தை இடறியது. வெட்டிவிட்டேன்.

ஒன்றைச் சுகாதாரப் பகுதிக்கும் பிரதியை அதிபருக்கும் போட்டேன். ஏன் சண்டிலிப்பாய் என்றால், அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. வேறு காரணம் இல்லை.

மூன்று கிழமை கழித்து சுகாதாரப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்களாம். வருகிறோம் என்று முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தார்கள். இல்லம் புதுப் படுக்கை விரிப்போடு அவர்களுக்காகக் காத்திருந்தது. வடை சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள். கடிதம் அத்தோடு செத்துப்போயிற்று என்று நினைத்தேன். உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. கடமையும் முடிந்தது, ஆபத்தும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அதிபர் தொலைபேசியில் வந்தார்.

"உம்மட்டை ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கோ, சேர்."

"எங்கடை இல்லத்தைப் பற்றி ஒரு பெட்டிசம் போயிருக்கு. எனக்கும் ஒரு பிரதி வந்தது. ஆளைப் பிடிச்சிட்டம்."

"எப்பிடி, சேர்?" என்றேன்.

"உறையிலை சண்டிலிப்பாய் முத்திரை. எங்கடை ஆக்களிலை சண்டிலிப்பாயாலை வாறது ஒரே ஒரு அற்றென்டன். உமக்குத் தெரியும், உம்மடை மாமாவின்ரை பக்கம் பாக்கிற பிள்ளைதான். கேட்டால் இல்லை எண்டு சாதிக்கிறா. நீர் எழுத்தோடை பழகின ஆள். சனிக்கிழமை விசாரணைக்கு வந்து, கடிதத்தை ஒருக்காப் பாத்து, அந்தப் பிள்ளை எழுதியிருக்கக் கூடுமோ எண்டு சொன்னீரெண்டால் எங்களுக்கும் ஒரு நியாயமா இருக்கும்."

"அப்பிடியே" என்றேன். அந்த வருடம் முழுவதும் நான் சொன்ன சொற்களில் அதுதான் மோசமானது.

மனைவியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கத்தரிக்காய்."

"ஓம்."

"அந்தப் பிள்ளைக்கு வேலை போகப்போகுது."

"நான் போய், இது அவவின்ரை எழுத்தில்லை எண்டு நிறுவிப்போடுவன். எழுத்து நடையைப் பாத்துச் சொல்லலாம்."

"நான்தான் எழுதினது எண்டு சொல்லுங்கோ. மற்றதெல்லாம் கத்தரிக்காய்."

அவளுக்குச் சொல்வது லேசு. நான்தான் எழுதினேன் என்றால் அடுத்த கேள்வி, உமக்கு யார் சொன்னது என்பது. அதற்கு என்ன பதில்? மாமாவைக் கூட்டிக்கொண்டு போம் என்றால் எங்கே கொண்டுபோவது? இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் வெள்ளிக்கிழமை முழுவதும் நான் அவற்றுக்கு விடை தேடவில்லை. அவற்றைக் காரணமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இல்லத்தின் கந்தோர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிபர், பக்கத்தில் மிஸி. எனக்கு மேசையின் பக்கவாட்டில் ஒரு கதிரை, நிபுணருக்கு ஏற்ற கதிரை. உதவியாளர் கதவடியில் நின்றார். ஒருவரும் அவரை இருக்கச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மேசையில் என் கடிதம், உறை, அதன் பக்கத்தில் தட்டச்சு செய்த இன்னொரு தாள். தலைகீழாக இருந்தாலும் வாசித்துவிட்டேன். என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று தொடங்கியது. கையெழுத்து மட்டும்தான் இல்லை. இந்த இல்லத்தில் எல்லாத் தாளும் முன்கூட்டியே நிரப்பப்படுகிறது என்று நினைத்தேன். நல்ல நேரத்தில் நல்ல வசனம் வருகிற இந்த நோய்க்கு மருந்து இல்லை.

"பிள்ளை, இஞ்சை நடக்கிறதை வெளியிலை ஆருக்கும் சொன்னனீரோ?" என்று அதிபர் கேட்டார்.

"இல்லை, ஐயா."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

உதவியாளர் என் பக்கம் திரும்பவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான், கொடுக்காதவர் அவர். அவர்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்.

அதிபர் கடிதத்தை என்னிடம் நீட்டினார். என் மூன்று பக்கத்தை, முன்பின் காணாதவன்போல், சரியான வேகத்தில் வாசித்தேன். ஒரு இடத்தில் வசனம் கொஞ்சம் நீளம் என்று பட்டது.

"என்ன நினைக்கிறீர்?"

"நல்லாப் படிச்ச ஆள் எழுதினது போலை இருக்கு, சேர்" என்றேன். அதோடு உதவியாளர் தப்பிவிடுவார், நானும் தப்பிவிடுவேன் என்று நினைத்தேன்.

மிஸி ஒரு கோவையைத் திறந்தார். "இவ ஏ.எல். செய்தவ. தமிழுக்கு ஏ எடுத்தவ. விண்ணப்பத்திலை கிடக்கு."

"நானும் அதைத்தான் யோசிச்சன்" என்றார் அதிபர். "உறையைப் பாத்தால் எழுத்துக் கூட்டத் தெரியாத ஆள். உள்ளுக்குப் பாத்தால் இலக்கியம். ஆளை மறைக்க வேணுமெண்டே உறையை அப்பிடி எழுதியிருக்கு. கொஞ்சம் அலட்டல்தான், ஆனாலும் படிச்ச கைதான்."

அலட்டல் என்ற சொல் என்னைச் சுட்டது. ஒரு பெண்ணின் வேலை போய்க்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், எந்தப் பந்தி அலட்டல் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை என்பதை என் பக்கத்து நியாயமாக எழுதிவைக்கிறேன். வேறு நியாயம் அதுவரை என் பக்கத்தில் இல்லை.

அதிபர் ராஜினாமாத் தாளைக் கதவுப் பக்கமாக நகர்த்தினார். "பிள்ளை, இது உமக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. வேறை இடத்திலை வேலைக்குப் போறதெண்டால் குறை எழுதாமல் விடுறம்."

உதவியாளர் மேசையடிக்கு வந்தார். அழவில்லை, வாதாடவில்லை. தாளைக் குனிந்து பார்த்தார்.

"எந்த இடத்திலை போடவேணும்?" என்று கேட்டார்.

மிஸி பேனையால் ஒரு கோட்டைக் காட்டினார். அவர் பேனையை வாங்கினார். காலையில் வந்ததும் ஏழு நேரத்துக்கும் கையெழுத்துப் போடுகிற அதே கை.

"அது நான் எழுதினது" என்றேன்.

அதிபரும் மிஸியும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அதிபர் சிரித்தார்.

"பகிடி விடாதையும். இது விசாரணை."

"பகிடி இல்லை, சேர். நான்தான் எழுதினது."

"உமக்கு எல்லாம் பகிடி" என்றார், மிஸிக்கு என்னை விளங்கப்படுத்துவதுபோல. "செத்தவீட்டிலையும் ஆளைச் சிரிக்கப்பண்ணிப்போட்டு வாற ஆள் உவர்."

இருபது வருடம் வேடிக்கையாக எழுதியதன் பலன் அது. வாழ்க்கையில் ஒருமுறை உண்மையை ஒப்புக்கொண்டால் நம்புகிறதற்கு ஆள் இல்லை. தலைக்கவசத்தைச் சொன்னேன், இடக்கையைச் சொன்னேன், கத்தரிக்காயைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல இன்னும் கூடப் பகிடியாகத்தான் இருந்தது. அதிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உதவியாளரின் கையில் பேனை அப்படியே இருந்தது.

"கடிதத்தைக் கையிலை வைச்சுப் பாருங்கோ, சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். வகுப்பில் எழும்பி நிற்பதுபோல நின்றுகொண்டு முதலாவது பந்தியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அதிபர் முதலில் சிரித்தபடி பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து வரியின் கீழே ஓட்டினார். அறையில் என் குரலும் பென்சில் நகர்கிற சத்தமும்தான். இரண்டாம் பக்கத்தில் பிள்ளையார் வசனத்துக்கு வந்தேன்.

"'உள்ளே இருக்கும் மனிதர் ஒரு தடவைகூட மாற்றிப் படுக்கவைக்கப்படுவதில்லை.'"

"திருப்பி எண்டு கிடக்கு" என்றார் அதிபர்.

"மாற்றி எண்டுதான் எழுதினனான்."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஓம். மாற்றிதான்" என்றார் மெதுவாக. பென்சிலை வைத்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின்மேல் வைத்தார்.

"நேரை வந்து என்னட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருக்கலாம், சேர்."

"உம்மடை எழுத்திலை நான் கடைசிவரைக்கும் வாசிச்சது இது ஒண்டுதான்."

மூன்று நயப்புரைகளும் என் கண்முன்னே வரிசையாகப் போயின. துக்கப்பட நேரம் இருக்கவில்லை. நான் பயந்த கேள்வி வந்துவிட்டது. அதை மிஸி கேட்டார்.

"உங்களுக்கு இதையெல்லாம் ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கட்டிலிலை தாள் தொங்குது. காலமை ஒன்பதரைக்குப் பின்னேரம் ஆறு மணிக் கையெழுத்துக் கிடக்கு. எனக்கு வாசிக்கத் தெரியும்."

"புண்ணை ஆர் காட்டினது?"

"நானே மாமாவைச் சரிச்சுப் பாத்தன்."

"தனியவோ?" மிஸி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "அவரைத் தனிய ஒராளாலை திருப்பேலாது."

உதவியாளர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதன்முறையாக. என் பொய் அவ்வளவுதான். அப்போது, நிபுணத்துவத்தால் அல்ல, வேறு போக்கிடம் இல்லாததால் ஒரு கேள்வி வந்தது.

"தனிய ஏலாதெண்டால், மிஸி, அந்தத் தாளிலை ஒரு கையெழுத்துத்தானே கிடக்கு? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அவரை ஆர் திருப்பினது?"

சொன்னபிறகுதான் அந்தக் கையெழுத்து யாருடையது என்பது உறைத்தது. அவரைக் காப்பாற்ற வந்தவன் இரண்டாவது தடவையும் அவரையே மாட்டிவிட்டிருந்தேன். அதிபர் உதவியாளரின் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்து உம்மடையோ?"

"ஓம், ஐயா."

"திருப்பினனீரோ?"

அவர் பேனையை மேசையில் வைத்தார். தாளுக்குக் குறுக்கே அல்ல, ஒரு ஓரமாக. "இல்லை, ஐயா. காலமையே எல்லாத்துக்கும் போடச் சொல்லியிருக்கு. போட்டனான்."

அதிபர் மிஸியைப் பார்த்தார். மிஸி கோவையை மூடினார். "எல்லா இடத்திலையும் அப்பிடித்தான், சேர்" என்றார். பொய் சொல்லவில்லை என்பதற்காக அவரை நான் மதிக்கிறேன். என்னைவிட ஒரு படி மேல்.

அதிபர் அந்த ராஜினாமாத் தாளைக் கிழிக்கவில்லை. அதிபர்கள் எந்தத் தாளையும் கிழிப்பதில்லை. நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். என் கடிதத்தை எடுத்து, 'நலன்விரும்பி'யைப் பென்சிலால் ஒரு கோடு வெட்டி, என் முன்னால் வைத்தார்.

"பேரைப் போடும்."

அதே பேனையால் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவை அதிகம் இல்லை. உதவியாளரின் வேலை போகவில்லை. மாமாவைக் கொண்டுபோகவும் சொல்லவில்லை. மண்டபத்தில் ஒரு மணி கட்டினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிஸியே அடிக்கிறார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். மச்சான் என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, தொலைபேசியைக் கீழே இறக்கிக் காட்டச் சொன்னான். காட்டினேன். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. புண்ணின் ஓரம் வெளுத்து, மெல்ல மெல்ல மூடிவருகிறது. அதிபர் என்னோடு பழையபடி கதைக்கிறார், ஆனால் புத்தகத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. இருவருக்கும் அது வசதி.

உதவியாளர் மட்டும் அன்றைய நாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். காத்திருக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் கிழமைக்கு இரண்டு தடவை, ஏதாவது சொல்வார் என்ற எண்ணத்தோடுதான் போய்க்கொண்டிருந்தேன். போனகிழமை பின்னேரம் நாலு மணிக்கு மணி அடித்தபோது மாமாவின் கட்டிலடியில் நின்றேன். அவர் மறுபக்கம் வந்து நின்றார். முதுகு நோக, நாரியில் ஒரு கையை வைத்து நிமிர்ந்தார்.

"நீங்கள் எழுதினதை அதிபர் எனக்கும் வாசிக்கத் தந்தவர், அண்ணை" என்றார்.

"ஓமோ?" என்றேன், அக்கறை இல்லாதவன்போல.

"நல்லா எழுதியிருந்தியள். பிள்ளையாற்றை இடம் நல்லா இருந்தது." சாரத்தின் ஓரத்தை இழுத்துச் செருகினார். "ஆள் காணாதெண்டு நான் சொன்னதைத்தான் விட்டிட்டியள். இப்ப மணி அடிக்குது, திருப்பத்தான் வேணும். ஆள் இப்பவும் இரண்டு பேர்தான். அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."